கோழிக்கு ஒரு நியாயம்

என் பக்கத்து நாற்காலித் தம்பிக்கு வயது 27, எடை 52 கிலோ. ஊர் நாமக்கல். தினமும் ராசிபுரம் வழியாக பஸ் பிடித்து சேலத்துக்கு வேலைக்கு வருகிறவன். போன ஆவணியில் பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகம், வேலை, சம்பளம், ரெண்டு சென்ட் இடம் எல்லாமே ஒத்துப் போயிற்று. பெண்ணுக்கும் பிடித்திருந்தது. பெண்ணின் பாட்டி மட்டும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பையன் நல்ல பையந்தானுங்க. காத்தடிச்சா புடிச்சுக்க ஒரு ஆளு வேணும் போலிருக்குதே" என்றாராம்.

அவ்வளவுதான். அடுத்த வாரம் போன் வந்தது. "இப்போதைக்கு வேண்டாம்னு பாக்கிறோம்."

மறுநாளே தம்பி அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்துவிட்டான். அங்கே இருந்த மாஸ்டர் (கழுத்து என்று தனியாக எதுவும் இல்லாத ஆசாமி) இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வரி: "டெய்லி ஸ்மூத்தில ப்ரோட்டீன் பவுடர் போட்டுக் குடிங்க, ப்ரோ."

ஸ்மூத்தி என்றால் என்ன என்று கேட்காதீர்கள். நம் ஊர்க் கூழைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, நடுவில் ஒரு ஸ்ட்ராவைச் செருகினால் ஸ்மூத்தி. சட்டியில் குடித்தால் பத்து ரூபாய், ஸ்ட்ரா போட்டால் நூற்றைம்பது.

இதில் தம்பிக்கு மூன்று சிக்கல்.

முட்டை ஆகாது. ஊரோ நாமக்கல். தினமும் கோடிக்கணக்கில் முட்டை லாரி ஏறுகிற ஊர். 1982-ல் ஆரம்பித்த முட்டை ஒருங்கிணைப்புக் குழு இன்ன விலை என்று சொன்னால் தமிழ்நாட்டில் ஆம்லெட்டின் தலைவிதி மாறும். அப்பா வேலை பார்ப்பதே ஒரு கோழிப்பண்ணையின் தீவன மில்லில். ஆனால் பிறந்ததிலிருந்து பண்ணை வாசனையிலேயே வளர்ந்தவனுக்கு முட்டை தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. அல்வாக்கடைக்காரர் மகன் அல்வா தின்பதில்லை, அந்தக் கதைதான்.

பால் ஆகாது. ஒரு டம்ளர் குடித்தால் வயிற்றுக்குள் தவில் கச்சேரி.

சோயா ஆகவே ஆகாது. இதுதான் முக்கியம். இரண்டு வருஷம் முன்னால் ஒரு கல்யாணத்தில் மீல் மேக்கர் பிரியாணி சாப்பிட்டவனுக்கு, பாயசம் வருவதற்குள் உதடு பணியாரம் மாதிரி வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்ட டாக்டர், "இனிமே சோயா இருக்கிற பக்கமே தலை வெச்சுப் படுக்காதீங்க" என்று எழுதாத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

ஆக, முட்டை இல்லாத, பால் இல்லாத, சோயா இல்லாத பவுடர். தம்பி பத்து நாள் செல்போனில் தேடி, மூவாயிரத்துக்கு நூறு ரூபாய் குறைவாக ஒரு கிலோ டப்பா வரவழைத்தான். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் தாவரப் புரதம் என்று போட்டு, எட்டுக் கட்டு வயிற்றோடு ஒருத்தர் முறைத்துக்கொண்டு நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நாமக்கல் போயிருந்தேன். ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டு (18 அடி, மேலே கூரை கிடையாது, கழுத்தில் 1,008 வடை மாலை, உளுந்திலேயே இந்த உடம்பு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்) தம்பி வீட்டில் சாப்பாடு. மேஜைமேல் டப்பா, சீல் பிரிக்காமல்.

தம்பியின் அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவை எடுத்தார். முன்பக்கத்து ஆசாமியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தீவன மூட்டையைப் புரட்டுகிற பழக்கத்தில் நேராகப் பின்பக்கம் போனார்.

"புரதம் எத்தனை சதம்?"

"ஒரு ஸ்கூப்புக்கு 24 கிராமுப்பா."

"ஸ்கூப்பு எத்தனை கிராம்?"

தம்பி முழித்தான். அவரே படித்தார். 33 கிராம். "அப்ப எழுவத்திமூணு சதம். பரவால்ல. எதுல இருந்து எடுத்தது?"

"பட்டாணி, அரிசி."

"லைசின் எத்தனை, மெத்தியோனின் எத்தனை போட்டிருக்குது?"

"அதெல்லாம் எதுக்குப்பா?"

"ஏண்டா கண்ணு, முட்டை போடற கோழிக்கே அது பாத்துத்தானே போடறோம்?"

அவர் சொன்னதை நான் பிறகு சரிபார்த்துக்கொண்டேன். விஷயம் இதுதான். புரதம் என்பது ஒரே சாமான் அல்ல. அமினோ அமிலங்கள் என்று இருபது வகைச் செங்கல்லால் கட்டின சுவர். அதில் ஒன்பதை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். பருப்பு, பட்டாணி வகைகளில் லைசின் தாராளம், மெத்தியோனின் பற்றாக்குறை. அரிசி, கம்பு வகைகளில் நேர்மாறு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கும். இட்லி மாவில் நம் பாட்டிகள் செய்ததும் இதுதான். கோழித் தீவனத்தில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் போட்டுவிட்டு, போதாத மெத்தியோனினைத் தனியாக வாங்கிக் கலக்கிறார்கள். கலக்காவிட்டால் முட்டை சிறுத்துப்போகும். முதலாளி கூப்பிட்டுக் கேட்பார்.

"ஆஃப்ளா பாத்தாங்களா?" என்றார் அடுத்து.

ஆஃப்ளாடாக்சின். கடலையிலும் சோளத்திலும் பூஞ்சணம் பிடித்தால் வருகிற விஷம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. துப்புத் துலக்கிப் பார்த்தால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதற்கப்புறம்தான் இந்த விஷத்துக்குப் பெயரே வைத்தார்கள். மனுஷனுக்கு இது ஈரலில் புற்றுநோய் வரைக்கும் கொண்டுவிடும். நாமக்கல்லில் தீவனச் சரக்கு வாங்குகிறவர்கள் சாம்பிளை லேபுக்கு அனுப்பி, ஆஃப்ளா எவ்வளவு, புரதம் எவ்வளவு, யூரியா கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

யூரியா எதற்கு? நல்ல கேள்வி. 1883-ல் டென்மார்க்கில் ஒரு பீர் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த யெல்தால் என்பவர் ஒரு முறை கண்டுபிடித்தார். பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கினால் புரதம் என்று கணக்கு. இன்றைக்கும் பெரும்பாலும் அதே வழிதான். இதில் ஒரு பொத்தல். நைட்ரஜன் எங்கேயிருந்து வந்தது என்று அந்தக் கணக்கு கேட்காது. மலிவான யூரியாவைத் தூவினாலும் 'புரதம்' ஏறும். சீனாவில் 2008-ல் பால் பவுடரில் மெலமினைக் கலந்தது இந்தத் தில்லுமுல்லுக்காகத்தான். ஆறு குழந்தைகள் செத்துப்போயின. மூன்று லட்சம் குழந்தைகளுக்கு உடம்புக்கு வந்தது. ஜிம் டப்பாக்களில் அவ்வளவு கொடுமை இல்லை. மலிவான ஒற்றை அமினோ அமிலத்தைக் கொட்டிக் கணக்கை ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. 2024-ல் கேரளத்து டாக்டர்கள் சேர்ந்த ஒரு குழு, நம் நாட்டில் விற்கிற 36 டப்பாக்களை வாங்கிச் சோதித்தது. ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரதக் கணக்கு சரியில்லை. 14 சதவீதத்தில் பூஞ்சண விஷம்!

தம்பி அப்பா இன்னும் படித்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கி, ஒரு இடத்தில் விரலை வைத்தார். ஒன்றும் பேசவில்லை. தம்பியிடம் நீட்டினார்.

எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. 'எமல்சிஃபையர் - லெசிதின், சோயா.'

தம்பி முகத்தில் ரத்தமே இல்லை. பவுடர் தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைவதற்காகச் சேர்க்கிற சமாசாரம் அது. அதில் இருக்கிற சோயாப் புரதம் துளியூண்டுதான். ஒவ்வாமைக்காரர்களிலேயே பலருக்கு ஒன்றும் செய்யாது என்கிறார்கள். ஆனால் மூச்சு இழுத்து ஊசி வரைக்கும் போனவன் அந்த 'பலரில்' ஒருவனா என்று டப்பாவைப் பிரித்துக் குடித்துப் பார்த்தா தெரிந்துகொள்வது?

அம்மா உள்ளேயிருந்து வந்து, "இன்னைக்கு ராத்திரிக்குக் கரைக்கலாம்னு இருந்தேனே சாமி" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குமேல் அங்கே யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆகவே, டப்பா வாங்கியே தீருவேன் என்கிற அன்பர்களுக்கு. முதலில் பின்பக்கம். நம் நாட்டுச் சட்டப்படி சோயா, பால், வேர்க்கடலை எல்லாம் இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையில் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வரியைத் தேடுங்கள். பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாலில் எடுத்த பவுடருக்கும் பச்சைப் புள்ளிதான். பாலும் கூடாது என்றால், 2022 விதிகளின்படி வந்த வீகன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பட்டாணியும் அரிசியும் கலந்ததாக இருந்தால் உத்தமம். லாட் நம்பர் வாரியாக லேப் ரிப்போர்ட் தருகிறீர்களா என்று கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில். இன்னொன்று: பட்டாணி, கடலை, சோயா எல்லாம் ஒரே அவரைக் குடும்பத்துப் பங்காளிகள். சோயா ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் புதிதாக எந்தப் பங்காளியையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

சரி, டப்பாவே வேண்டாம் என்றால்?

கணக்குப் போடுவோம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு, ஒரு கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். தம்பிக்கு 43 கிராம். இரும்பு தூக்குகிறவனுக்கு இன்னும் கூட வேண்டும், 1.4 என்று வைத்தால் 73. தம்பி சாப்பிடுவது ரசம் சாதமும் ரெண்டு தோசையும். சாயங்காலம் ஜவ்வரிசி வடை வேறு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது, எல்லாம் சரி. ஆனால் குச்சிக்கிழங்கில் மாவை மட்டும் பிரித்தெடுத்த சரக்கு அது. அதில் புரதம் தேடுவது, வழுக்கைத் தலையில் பேன் பார்க்கிற மாதிரி.

நூறு கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். பொட்டுக்கடலையில் 20-க்குக் குறையாது. கொள்ளு, பாசிப்பயறு 22 பக்கம். எள்ளு 18, அதில் மெத்தியோனின் வேறு தாராளம். டப்பாப் புரதம் கிராம் நாலு ரூபாய் ஆகிறது. பொட்டுக்கடலையில் முக்கால் ரூபாய்கூட ஆகவில்லை.

உடனே "அந்தக் காலத்திலேயே நம் முன்னோர்கள்..." என்று ஆரம்பிக்காதீர்கள். முன்னோர்கள் ஜிம்முக்குப் போகவில்லை, வயலுக்குப் போனார்கள். 24 கிராம் புரதத்துக்கு நூறு கிராமுக்கு மேல் பொட்டுக்கடலை தின்ன வேண்டும். அதோடு மாவுச்சத்தும் வண்டியாக வரும். ஒல்லிக்கு அது வரம். என்னைப் போல் பெல்ட்டில் புது ஓட்டை போடுகிறவர்களுக்கு அது சாபம். அவர்களுக்கு டப்பா ஒருவேளை நியாயம்தான்.

தம்பி முதலில் டாக்டரிடம் போனான். கடலை, பருப்பு எல்லாம் சிறு வயதிலிருந்து தின்று ஒன்றும் ஆனதில்லை, தொடரலாம் என்றார். அதற்கப்புறம் அப்பாவே கலவை போட்டார், சிட்டை எழுதி. வறுத்த நிலக்கடலை 30 கிராம், பொட்டுக்கடலை மாவு 30 கிராம், வறுத்த எள் ஒரு ஸ்பூன், மோகனூர்ப் பக்கத்துப் பூவன் பழம் ரெண்டு, தண்ணீர். மிக்ஸியில் ஒரு ஓட்டு. 15 கிராமுக்குமேல் புரதம். ராத்திரிச் சாப்பாட்டில் தினம் ஒரு கிண்ணம் சுண்டல். சொத்தை, சுருங்கினது, கறுத்தது எல்லாம் பொறுக்கிப் போட்ட பிறகுதான் கடலை மிக்ஸிக்குள் போக வேண்டும் என்று அம்மாவுக்கு உத்தரவு.

"பச்சைக் கொள்ளை மாவாக்கிப் போடலாமே, சுலபமா இருக்குமே" என்றேன் நான்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். "பச்சை சோயாவைக் கோழிக்குப் போட்டா வளருமுங்களா சார்? அதுல செரிக்க விடாத சமாசாரம் இருக்குதுங்க. சூடு காட்டினாத்தான் போகும். காட்டினாங்களான்னு லேபுல டெஸ்ட்டே இருக்குது."

கொள்ளையும் வறுத்தோ வேகவைத்தோதான். தெரிந்துகொண்டேன்.

நாலு மாசம் ஆயிற்று. தம்பி இப்போது 56. சட்டை தோளில் நிற்கிறது. தையில் இன்னொரு இடம் பார்க்கப் போகிறார்கள். பாட்டி உண்டா என்று முதலிலேயே விசாரித்தாகிவிட்டது.

அந்த டப்பா மட்டும் பரணில் கிடந்தது. பிரிக்காத டப்பாவையே திருப்பி எடுக்க மாட்டோம் என்று விற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். போன வாரம் தம்பி, "மூவாயிரம் ரூவாயப்பா, வீணாக்க வேண்டாம். பண்ணையில தீவனத்தோட கலந்துடலாமா?" என்று கேட்டிருக்கிறான்.

அப்பா தட்டிலிருந்து நிமிரவே இல்லையாம். "லேப் ரிப்போர்ட் இல்லாததையெல்லாம் கோழிக்குப் போட முடியாது கண்ணு."