நூலகத்துக்கும் மாதக் கட்டணம் உண்டு

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தைக் கிளிநொச்சி மாணவரும் கனடா ஆய்வாளரும் காசில்லாமல் பயன்படுத்துகிறார்கள். காசில்லை என்பது வாசகருக்கு மட்டும்தான். இத்தகைய தளங்களின் வழங்கிக் கட்டணம் பொதுவாக டொலரில் வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலர்க் கணக்கில் ஒரு சதமும் கூடாமலே ரூபாய்ச் செலவு 80 வீதம் ஏறியது. புதிதாகச் சேரும் பக்கங்களுக்கான சேமிப்பிடச் செலவு வேறு.

புலம்பெயர்ந்தோர் கொடுக்கட்டுமே என்பார்கள். கொடுக்கிறார்கள்தான். ஆனால் ஒருமுறை வரும் பெருந்தொகை கட்டடத்துக்குச் சரி. மாதக் கட்டணத்துக்கு மாதாமாதம் வரும் சிறுதொகையே தோது. பெரிய நிறுவனங்களின் இலவச இடத்தில் போட்டுவைக்கலாமே என்ற யோசனையும் உண்டு. அப்படி இலட்சக்கணக்கானோர் நம்பியிருந்த ஜியோசிற்றிஸ் தளத்தை யாகூ 2009இல் மூடியது. எனவே வவுனியா, முல்லைத்தீவுப் பழைய மாணவர் சங்கங்கள் விழாச் செலவில் ஒரு பங்கை 'நூலகத்துக்கு' மாதக் கொடையாக ஒதுக்கட்டும்.