ஷிஃராவின் இறைவன்

தை மாத இரவில் இஷாத் தொழுகை முடிந்ததும் தென்கிழக்கு வானத்தைப் பாருங்கள். வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களின் கோட்டைத் தென்கிழக்காக நீட்டினால், நீலம் கலந்த வெண்ணிறத்தில் ஒரு விண்மீன் சுடர்விடும். இரவு வானின் விண்மீன்களுள் அதுவே மிகுந்த ஒளியுடையது. வானியலார் அதைச் சிரியஸ் என்பர், அரபியில் ஷிஃரா. திருக்குர்ஆனின் அந்நஜ்ம் அத்தியாயத்து 49ஆம் வசனத்தில் இடம்பெறும் பெயர் இதுவே.

இதைக் குறித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வலம் வருகிறது. ஷிஃரா ஓர் இரட்டை விண்மீன், அவை 49.9 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அதே அத்தியாயத்தின் 49, 9 ஆகிய வசன எண்களை அருகருகே வைத்தால் அந்த எண் கிடைக்கிறது. ஆகவே இது அற்புதம் என்கிறது அது. மதரஸா மாணவர் ஒருவர் அதை என்னிடம் மகிழ்ச்சியோடு காட்டினார். என்னால் மகிழ இயலவில்லை.

ஹப்பிள் தொலைநோக்கியின் அளவீடுகளையும் கொண்டு 2017இல் வெளியான ஆய்வு, அச்சுற்றுக்காலம் ஏறத்தாழ 50.13 ஆண்டுகள் என்கிறது. நாளை ஒரு மாணவன் இதை அறிந்தால், அவனது ஐயம் அந்தச் செய்தியோடு நின்றுவிடுமா? இறைவேதத்தின் மீதும் படராதா? மனிதரின் அளவீடுகள் திருத்தப்படக்கூடியவை. இறைவாக்கை அவற்றோடு முடிச்சுப் போடுவது பேணுதலாகாது.

உள்ள உண்மையே வியப்புக்குப் போதும். ஷிஃரா 8.6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. சூரியனைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நிறையும் 25 மடங்கு ஒளியும் கொண்டது. அதன் பாதை அலைவதைக் கண்ட ஜெர்மானிய அறிஞர் பெஸ்ஸல், கண்ணுக்குப் புலப்படாத துணை ஒன்று உண்டென 1844இல் அறிவித்தார். 1862இல் அது தொலைநோக்கியில் தென்பட்டது. ஏறக்குறைய சூரியனின் நிறை முழுவதும் பூமியின் பருமனுக்குள் அடங்கிய விண்மீன் அது!

அவ்வசனம் அருளப்பட்ட நோக்கம் வேறு. அரபியரில் குஸாஆ கோத்திரத்தார் ஷிஃராவை வணங்கினர் என விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். மனிதன் வணங்கிய அந்த ஒளிக்கும் அல்லாஹ்வே இறைவன் என்பதை அவ்வசனம் உணர்த்துகிறது. எண்களைத் தேடும் ஆர்வத்தில் இந்தத் தவ்ஹீதை நாம் தவறவிடலாமா?

வந்த செய்தியைத் தீர விசாரிப்பது அல்ஹுஜுராத் அத்தியாயம் கற்றுத் தரும் ஒழுக்கம். மார்க்கத்தின் பெயரால் வரும் செய்திக்கும் அது பொருந்தும். இன்றிரவு பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் சென்று ஷிஃராவைக் காட்டுங்கள். அவர்களின் வயதில் எட்டு ஆண்டுகளுக்கும் முன் புறப்பட்ட ஒளி அது எனச் சொல்லுங்கள். அதைப் படைத்தவனைப் பற்றியும் சொல்லுங்கள்.

அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக. ஆமீன்.