கணக்கருக்குப் பள்ளியில் என்ன வேலை?



லம்பா லைனில் எங்கள் அண்டை வீட்டார் ஒருவர் பல்லாண்டு கணக்கெழுதிப் பழகியவர். தம் மகள் பயிலும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிற்குப் பெற்றோர் சார்பில் நிற்கப் போகிறார். "பாடம் சொல்லத் தெரியாதவருக்குப் பள்ளியில் என்ன வேலை?" என்று சிலர் நகைக்கின்றனர். பாடம் சொல்லவா இக்குழு?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் பாருங்கள். குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். வரும் மானியம் எவ்வாறு செலவாகிறது என்று கண்காணிப்பது அவர்கள் கடமை. 2010ஆம் ஆண்டு விதிகளோ இன்னும் மேலே போகின்றன: மாதம் ஒரு முறையேனும் கூட வேண்டும், மூன்றாண்டுத் திட்டம் வகுக்க வேண்டும், ஆண்டு வரவு செலவுக் கணக்கைக் குழுவே ஆயத்தம் செய்ய வேண்டும். மாணவர் எத்தனை பேர், அறை எத்தனை வேண்டும், அதற்குப் பணம் எவ்வளவு? பல பொருள்கள் கப்பலேறி வரும் தீவில், இதைக் காலத்தோடு கணக்கிட ஆள் வேண்டாமா?

ஆனால் ஒன்று. கணக்கறிந்தவர் கிடைத்துவிட்டார் என்று ஏட்டை அவரிடம் தள்ளிவிட்டு மற்றவர் உறங்கலாகாது. மீன் விற்கும் தாயொருத்தி எழுந்து, "இந்தத் தொகை எதற்கய்யா?" என்றால், அவளுக்குப் புரியும் தமிழில் அவர் விடை சொல்ல வேண்டும். இல்லையேல் அவருக்காக நான் ஒருவரிடமும் பேச மாட்டேன். இதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

தம்பி தங்கையர் அரசுப் பள்ளியில் பயிலும் தோழர்களே, உங்கள் வீட்டில் யார் நிற்கிறார்கள்?