கொள்ளையர் யார்?

அனுமதிப்பத்திரமின்றிச் சிற்றலையில் ஒலிபரப்புவோரைக் 'கொள்ளையர்' என்கிறார்கள். அவர்களைத் தேடிக் கேட்பவர்களும் குற்றத்துக்குத் துணைபோகிறவர்களாம்! அமெரிக்கச் சட்டமே ஒலிபரப்புபவரைத்தான் தண்டிக்கிறது, கேட்பவரையன்று.

வட அமெரிக்காவில் வார இறுதி இரவுகளில் 6925 கிலோஹெர்ட்ஸை அண்டித் தேடினால், இரைச்சலுக்கிடையே குறைந்த வலுவில் யாரோ ஒருவர் பாட்டு ஒலிபரப்புவார். பெரும்பாலும் விளம்பரமில்லை, இலாபமில்லை. 'கேட்டது' என்றொரு மடல் வந்தால் அவருக்குப் போதும்.

விமானங்களின் தொடர்பில் குறுக்கிட்டால் தண்டியுங்கள், மறுப்பில்லை. ஆனால், சிற்றலையை வறிதாக்கியவர்கள் யார்? கனடா சர்வதேச வானொலி 2012இல் சிற்றலையைக் கைவிட்டது. பிபிசியின் தமிழோசை 2017இல் ஓய்ந்தது. இவையெல்லாம் உரிய அனுமதியோடு இயங்கியவையே!

இணையம் போதுமே என்பார்கள். இணையத்தில் யார் எதைக் கேட்டார் என்ற தடம் எஞ்சும். அரசு நினைத்தால் ஓரிரவில் துண்டித்தும் விடலாம். சிற்றலை, கேட்பவரின் பெயரைக் கேட்பதில்லை. போர்க்கால இருளில் வானொலிப்பெட்டியோடு காதை ஒட்டிவைத்திருந்த நமக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அனுமதி பெற்றவர்கள் கைவிட்டுப்போன வெளியில் அனுமதியற்றவர் குரல் கொடுக்கிறார். அவரோடு சட்டம் பேசிக்கொள்ளட்டும். கேட்பவரின் காதைத் திருக எவருக்கும் உரிமையில்லை.