செயலியும் பேசட்டும், காலனியிலும் பேருந்து நிற்கட்டும்

2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் அதிலேயே பயணச்சீட்டு எடுக்கலாம். வரவேற்கிறோம். ஆனால் அது சென்னைப் பெருநகரத்துக்கானது. தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே, கடையத்தில் பேருந்துக்குக் காத்து நிற்பவர்களும் இதே அரசுக்குத்தான் வரி கட்டுகிறார்கள். அவர்களில் பார்வையற்றவர், வருகிற பேருந்து எந்த ஊருக்குப் போகிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏற வேண்டியிருக்கிறது.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 41-ஆம் பிரிவில் போக்குவரத்தையும் 42-ஆம் பிரிவில் தகவல் தொழில்நுட்பத்தையும் எல்லோரும் அணுகும்படி அமைக்கச் சொல்கிறது. ரஜிவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாயமாக்குங்கள் என்றது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று மீண்டும் தீர்ப்பளித்தது.

ஆகவே மாவட்டங்களுக்குச் செயலி வரும்போது, அதன் ஒவ்வொரு பொத்தானுக்கும் தமிழில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லையென்றால் திரைவாசிப்பான் “பொத்தான், பொத்தான்” என்றே சொல்லிக்கொண்டிருக்கும். காது கேளாதவருக்கு எல்லா அறிவிப்பும் எழுத்தில் வர வேண்டும். சக்கர நாற்காலி ஏறுமா என்பது பேருந்து வருமுன்பே தெரிய வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. செயலியில் ஏறப்போகும் நிறுத்தங்களின் பட்டியலை எழுதுவது யார்? ஊருக்குள் நிற்கும் பேருந்து காலனியில் நிற்காமல் போனால், செயலியிலும் காலனி இருக்காது. நடக்க முடியாத தலித் முதியவருக்கு அங்கே கதவு இரண்டு முறை சாத்தப்படுகிறது. பொது வாகனத்தைப் பயன்படுத்தவிடாமல் பட்டியல் சாதியினரைத் தடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமென்கிறது. ஒரு நிறுத்தத்தைப் பட்டியலில் எழுதாமல் விடுபவரை எந்தச் சட்டம் கேட்கும்?

சுயமரியாதை இயக்கக் காலத்தில், தனியார் பேருந்துகள் ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்தன. இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் கெஞ்சவில்லை. ஏற்றாவிட்டால் உரிமம் ரத்து என்றார். வழி திறந்தது.

இன்றும் அதே வழிதான். செயலிக்கான ஒப்பந்தத்திலேயே நிபந்தனை எழுதுங்கள்: மாற்றுத்திறனாளிகள் சோதித்து ஒப்புக்கொள்ளாமல் பணம் கிடையாது, காலனி நிறுத்தங்கள் விடுபட்ட பட்டியல் செல்லாது. அந்தச் சோதனையைக் கடையத்தில் தொடங்குங்கள். நாங்கள் வருகிறோம்.