நெய்தவர் பெயரும் பெயர்தான்

பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன் 2024 நவம்பரில், ‘உலகநாயகன்’ பட்டம் இனி வேண்டாம், பெயர் சொல்லி அழைத்தால் போதும் என்று அறிவித்தார். 2026 ஜனவரியில், தன் பெயரையும் படத்தையும் அனுமதியின்றி விற்பனைப் பொருள்களில் பயன்படுத்துவதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார். பட்டத்தை உதறியவர் பெயருக்காக ஏன் வழக்காட வேண்டும்? தன் பெயர் எங்கே, எப்படி வழங்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமைதான் இரண்டிலும் இருக்கிறது. இத்தகைய தடைகள் விமர்சனத்தின் வாயை அடைத்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் நையாண்டிக்கும் கேலிச்சித்திரத்துக்கும் தடையில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்கு உறுத்துவது வேறு. 2015இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், பெயர், படம் மீதான இந்த ஆளுமை உரிமை பிரபலமானவர்களுக்கு உரியது என்றே இதே நீதிமன்றம் வகுத்தது. அப்படியானால், அதே பரமக்குடியில் தறியில் உட்கார்ந்திருப்பவரின் பெயரை யார் காப்பது?

பரமக்குடி, எமனேஸ்வரம் கைத்தறிச் சேலைகளுக்கு நெடுங்காலமாக ஊர்ப்பெயரே விலாசம். தொட்டுப் பார்த்து வாங்கிய காலத்தில் அது போதுமானதாக இருந்தது. கைபேசித் திரையிலோ விசைத்தறிச் சேலையும் கைத்தறிபோலவே தெரிகிறது. விற்பவரின் பெயரை நம்பித்தான் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது. 2006இல் வந்த கைத்தறி முத்திரை துணிக்குச் சான்று சொல்கிறது, நெய்த கையைச் சொல்வதில்லை. நெசவாளரின் படமும் பெயரும் உள்ள சீட்டைச் சேலையோடு கோ-ஆப்டெக்ஸ் இணைத்தது சரியான தொடக்கம். அந்தச் சீட்டு இணையத்துக்கும் வர வேண்டும்.

இப்படிப் பெயரும் படமும் போடுவது தற்புகழ்ச்சி என்பவர்கள் உண்டு. தன் கையால் நெய்ததைத் தான் நெய்தது என்று சொல்வது தற்புகழ்ச்சி ஆகாது. தறியை விட்டு எழுந்தால் கூலி போய்விடும், இதற்கெல்லாம் நேரம் ஏது என்பதுதான் வலுவான மறுப்பு. அதனால்தான் இந்த வேலையை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்க வேண்டும் என்கிறேன். உறுப்பினர் பெயர், தறியில் எடுத்த படம், சேலையின் நூல் விவரம் ஆகியவற்றோடு சங்கத்தின் பெயரில் ஒரு பக்கம் இருந்தால், போலியை ஒப்பிட்டுக் காட்ட ஆதாரம் கிடைக்கும். பிறர் பெயரில் கணக்குத் தொடங்கி வாங்குபவரை ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. பணம் பறிபோனவர் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால் போலி இருப்பது தெரிந்தால்தானே புகார்? நெசவாளர் கூலி வாங்க வரும் நாளில், சங்க அலுவலகத்துக் கணினியிலேயே அவர் பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம்.