பனிமூட்டமா கொல்கிறது?



ஊரில் மார்கழிப் பனி என்றால் வாசலில் கோலம், டீக்கடையில் கூட்டம். டில்லியில் மார்கழியும் தையும் வந்தால் விடியற்காலை ஐந்து மணிக்கு சைக்கிளை எடுக்கும் நம் ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். சென்ற தை மாதம் நம் உறுப்பினர் ஒருவரைப் பின்னால் வந்த லாரி உரசிச் சென்றது. சைக்கிள் நொறுங்கியது; தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. விசாரிக்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "பனியில் ஏன் சைக்கிளில் வந்தாய்?"

ஏன் வந்தார்? பத்து நிமிடம் தாமதமானால் அரைநாள் கூலி போகும். அதனால் வந்தார்! விமானம் தாமதமானால் காரணம் பனிமூட்டம். தொழிலாளி தாமதமானால் ஒழுங்கீனம். இது எந்த ஊர் நியாயம்?

கண்ணுக்குத் தெரியும் தூரம் 50 மீட்டருக்கும் குறைந்தால் வானிலைத் துறை அதை மிக அடர்ந்த மூடுபனி என்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரிக்கு அந்த 50 மீட்டர் நான்கு வினாடிகூட இல்லை. ஆகவே முதலில் நம்மைக் காத்துக்கொள்வோம்.

டைனமோ விளக்கு சக்கரம் நின்றதும் அணைந்துவிடும். சிக்னலில் நாம் இருட்டாகி விடுவோம். பின்னால் பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று அவசியம். கேரியரில் கட்டும் இட்லிப் பாத்திரமும் சாக்கும் பின்பக்கக் கண்ணாடி வில்லையை மறைத்துவிடுகின்றன. ஒளியைத் திருப்பி அடிக்கும் சிவப்புப் பட்டையைச் சுமையின் மேலேயே ஒட்டுங்கள். வெள்ளைச் சட்டை போதும் என்று இருக்காதீர்கள், பனியும் வெள்ளைதானே! தண்டவாளத்தில் வேலை செய்வோர் ஆரஞ்சுச் சட்டை அணிவது அழகுக்காகவா? சால்வை நுனியைச் செருகிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கினால் ஆள் கீழே. குல்லாயில் காதை இறுக மூடாதீர்கள். கண் தோற்கும் இடத்தில் காதுதான் காவல். பனியில் நனைந்த ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது. முன்கூட்டியே லேசாக இரண்டு மூன்று முறை பிடித்து ஈரத்தைத் துடையுங்கள். லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழையாதீர்கள். வழி தெரியவில்லையா? இறங்கித் தள்ளுங்கள்.

இத்தனையும் செய்தால் போதுமா? போதாது! ரயில்வேயில் வேலை செய்கிற நாம் ஒன்றை அறிவோம். மூடுபனி இறங்கினால், டிரைவர் கண்ணை நன்றாகத் திறந்துகொள்ளட்டும் என்று ரயில்வே விட்டுவிடுவதில்லை. வேகத்தைக் குறைக்க உத்தரவு போடுகிறது. சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தில் வெடி வைக்க ஆள் போடுகிறது. அது போதாதென்று எஞ்சினுக்குள் ஜி.பி.எஸ். கருவியும் வைத்திருக்கிறது. ரயிலுக்கு இத்தனை ஏற்பாடு செய்ய முடிந்த நாட்டில், சைக்கிளுக்கு மட்டும் "உன் கவனம் உன் பாடு" என்றால் எப்படி?

நாம் சிறு கூட்டமும் அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி, விவசாயத்தையும் வீட்டுத் தொழிலையும் தவிர்த்தே சுமார் 2.6 கோடிப் பேர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள்.

டில்லியில் 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பஸ்ஸுக்குத் தனித் தடமும் சைக்கிளுக்குத் தனிப் பாதையும் போட்டார்கள். கார்காரர்கள் கொதித்தார்கள். எதிர்த்துப் போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் 2012-இல் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 2016-இல் அந்தத் திட்டத்தையே கலைத்தார்கள். குறை இருந்தால் திருத்தியிருக்கலாமே! கார்காரருக்குக் குரல் இருந்தது, நமக்கு இல்லை.

இன்னொன்று. 2025 ஜூன் 1-ஆம் தேதி ஜங்புரா பக்கம் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி என்று ஏற்கப்பட்டவை 189 குடும்பங்கள். காட்டிய இடமோ ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு அப்பால் நரேலா! நடந்து வேலைக்குப் போனவர்கள் இனி எத்தனை மணிக்கு எழ வேண்டும்? குடியிருப்பைத் தூரத்துக்குத் தள்ளுகிறவர்கள்தாம் நம்மை இருட்டில் சாலைக்கு விரட்டுகிறார்கள். கடைசியில் பழி பனியின் மேல்!

எனவே கேட்கிறோம்: மூடுபனி நாட்களில் அரைமணித் தாமதத்துக்குக் கூலி பிடிக்காதே! பனி விலகும்வரை தெருவிளக்கை அணைக்காதே! விளக்கின்றிச் சாலையோரம் நிற்கும் லாரிகளை அப்புறப்படுத்து! பெரிய சாலைகளில் சைக்கிளுக்குத் தனிப் பாதை கொடு!

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் சைக்கிளோடு சங்கத்துக்கு வாருங்கள். சிவப்புப் பட்டை சங்கச் செலவில் ஒட்டித் தரப்படும். மேஜைமேல் மனு இருக்கும். பட்டையை ஒட்டிக்கொண்டு கையெழுத்துப் போடாமல் போய்விடாதீர்கள்.